வேலையைத் தெரிந்து ஆளை அமர்த்துவோம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகப் பாலையூற்றில் நடைபெற்ற தொழில்புரியும் மகளிர் ஒன்றுகூடலில், வைத்தியராகப் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



வேலைத்தளத்தில் ஒரு குழுவுக்கு ஆட்களைத் தெரிவது எப்படி, தெரிந்தவர்களை வழிநடத்துவது எப்படி என்று பேசும்படி சங்கம் கேட்டிருக்கிறது. முகாமைத்துவம் படித்தவர்கள் பேச வேண்டிய விடயம் இது என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இந்த மண்டபத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். வங்கிக் கிளையை நடத்துபவர்கள் இருக்கிறார்கள். பகுதித் தலைவிகளாக இருக்கும் ஆசிரியைகள், பிரதேச செயலகத்தில் ஒரு கிளைக்குப் பொறுப்பானவர்கள், துறைமுகத்தை அண்டிய கம்பனிகளில் கணக்குப் பார்ப்பவர்கள், வீட்டிலேயே நாலு பெண்களை வைத்துத் தையல் நடத்துபவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். நம்மில் அநேகமானோர் ஏதோ ஒரு குழுவை இழுத்துக்கொண்டுதான் போகிறோம். அதற்கென்று யாரும் நமக்கு வகுப்பு எடுத்ததில்லை. வைத்தியர்களாகிய எங்களுக்கும் அப்படித்தான். மருத்துவ பீடத்தில் மனித உடம்பின் ஒவ்வொரு எலும்புக்கும் பெயர் படித்தோம். பத்துப் பேரைக் கொண்டு ஒரு வேலையை ஒழுங்காக முடிப்பதை வேலைக்கு வந்த பிறகுதான் படித்தோம். ஆகவே நாங்கள் அறிந்த சுகாதாரத் துறையை வைத்தே இன்று பேசப் போகிறோம். உங்கள் துறைக்கு ஏற்றபடி அதை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

நூறு ஆண்டைக் கொண்டாடும் இந்த நேரத்தில், அதே வயதுடைய இன்னொரு குழுவையும் நினைவுகூரலாம். 1926 ஆம் ஆண்டு ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்டது. நோய் வந்த பின் வைத்தியசாலைக்கு வருகிறவரைப் பார்ப்பது ஒரு வேலை. நோய் வராமல் ஓர் ஊரைக் காப்பது வேறொரு வேலை. அந்த இரண்டாவது வேலைக்கு ஒரு வைத்தியர் மாத்திரம் போதாது. ஒரு வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தாதிமார், மருத்துவமாதர் என்று ஒரு குழு வேண்டும். அந்தக் குழுவுக்கு எல்லை குறித்த ஒரு பிரதேசம் வேண்டும். களுத்துறையில் தொடங்கிய இந்த முறை இன்று 350 க்கும் மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாக நாடு முழுவதும் பரந்திருக்கிறது. பாலையூற்றில் ஒரு பெண் கருவுற்றால் அவளுடைய வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருகிற குடும்பநல உத்தியோகத்தர், நாம் ‘மிஸ்’ என்று அழைக்கும் அந்தப் பெண், இந்தக் குழுவின் ஓர் உறுப்பினர்தான். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது அவருக்கு வகுக்கப்பட்ட அளவு. எந்த வீட்டில் யார் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு நிறை குறைவு என்பதை அவருக்கு மேலே இருக்கும் எந்த வைத்தியரையும் விட அவர் நன்கு அறிவார்.

இந்தக் குழு முறை எமது நாட்டில் செய்து முடித்த மிகப் பெரிய வேலைகளில் ஒன்று மலேரியாவை ஒழித்தது. அதையே இன்றைய பாடமாக எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் ஒரு குழு எப்படி அமைய வேண்டும் என்பதும், எப்படிக் கலைந்து போகக் கூடாது என்பதும் அந்த ஒரே கதைக்குள் இருக்கின்றன.

முதலில் ஆட்களைத் தெரிவதைப் பார்ப்போம். ஒரு குழு அமைக்கச் சொன்னால் நாம் சாதாரணமாக என்ன செய்கிறோம்? ஆட்களின் பெயர்களை எழுதத் தொடங்குகிறோம். “அவ கெட்டிக்காரி, அவவைப் போடுவம். இவர் நல்ல மனுசன், இவரையும் போடுவம்” என்கிறோம். இதற்கு முன்பாகச் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. வேலையை முதலில் துண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும்.

மலேரியாவில் அந்தத் துண்டுகளைப் பாருங்கள். காய்ச்சலோடு வருகிறவரிடம் எங்கே போய் வந்தார் என்று கேட்க வேண்டும். விரலில் ஊசியால் குத்தி இரத்தப் பூச்சு எடுக்க வேண்டும். அதை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். நோய் இருந்தால் மருந்து கொடுத்து, அதை அவர் விழுங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். அவருடைய வீட்டுக்குப் போய் அயலவர்களையும் சோதிக்க வேண்டும். அந்தப் பகுதியில் நுளம்பு எங்கே முட்டையிடுகிறது என்று தேட வேண்டும். வீட்டுச் சுவருக்கு மருந்து தெளிக்க வேண்டும். எல்லாவற்றையும் பதிந்து அன்றைக்கே மேலே அறிவிக்க வேண்டும்.

இவை ஒவ்வொன்றுக்கும் வேண்டிய குணம் வேறு. நுணுக்குக்காட்டியில் இருப்பவர் ஒரு பூச்சில் நோய் இல்லை என்று சொல்வதற்கு முன் ஆகக் குறைந்தது 100 பார்வைப்புலங்களைப் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் ஓரிடத்தில் இருந்து, சலிப்பில்லாமல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யக்கூடியவர் அதற்கு வேண்டும். நுளம்பு தேடுபவர் இரவில் மாட்டுக் கொட்டிலில் நின்று நுளம்பு பிடிக்கத் தயங்காதவராக இருக்க வேண்டும். வைவக்ஸ் வகை மலேரியாவுக்கு இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் நின்றுவிடும். ஆனால் ஈரலில் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை அழிக்க 14 நாள் குளிசை எடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டு வயலுக்குப் போகத் தொடங்கிய மனிதரைப் பதினான்காவது நாள் வரை குளிசை எடுக்க வைப்பதற்கு மருத்துவ அறிவை விடப் பேச்சுச் சாதுரியம் அதிகம் வேண்டும். நுணுக்குக்காட்டிக்கு உரியவரை வீடு வீடாக அனுப்பினால் இரண்டு வேலையும் கெடும். இரண்டு பேரும் கெட்டிக்காரர்தான், இடம்தான் பிழை.

நாம் எல்லோரும் இந்த மைதானத்தில் வலைப்பந்தாட்டம் ஆடியவர்கள், அல்லது ஓரத்தில் நின்று கத்தியவர்கள். ஏழு பேர் ஆடும் அந்த ஆட்டத்தில் ஒவ்வொருவருடைய நெஞ்சிலும் அவருடைய இடத்தைக் குறிக்கும் எழுத்து இருக்கும். பந்தைக் கூடைக்குள் போட இரண்டு பேருக்குத்தான் உரிமை. தன் எல்லையைத் தாண்டினால் நடுவர் ஊதிவிடுவார். பந்தைக் கையில் வைத்திருக்க மூன்று விநாடிதான். ஆகவே எவ்வளவு திறமைசாலியும் அடுத்தவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். வேலைத்தளத்தில் நெஞ்சில் எழுத்து இல்லை. அதனால்தான் ஒரே வேலையை இரண்டு பேர் செய்து சண்டை பிடிக்கிறார்கள். இன்னொரு வேலை யாருடையது என்று தெரியாமல் கிடந்து போகிறது. குழுவின் முதல் கூட்டத்தில் அந்த எழுத்துகளைக் கொடுத்துவிடுங்கள். யாருடைய வேலை எது, அது எங்கே முடிகிறது, முடிந்ததும் யாருடைய கைக்குப் போகிறது என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் தெரியக்கூடிய இடத்தில் ஒட்டுங்கள்.

அவசர வேளையில் இது இன்னும் முக்கியம். 2017 ஆம் ஆண்டு நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் எமது மாவட்டத்தில் கிண்ணியா மிகவும் பாதிக்கப்பட்டது. அத்தகைய நேரத்தில் உதவிக்கு ஆட்கள் தாமாகவே வருவார்கள். ஆனால் கூடி நிற்பவர்கள் எல்லோரும் குழு ஆகிவிட மாட்டார்கள். எந்த ஒழுங்கைக்கு யார் போவது, எந்தக் கிணற்றையும் தண்ணீர்த் தாங்கியையும் யார் பார்ப்பது, மாலையில் யாரிடம் வந்து சொல்வது என்று பிரித்துக் கொடுத்த பிறகுதான் அது குழு.

“எங்களுக்கு ஆளைத் தெரிய எங்கே விட்டார்கள்? இடமாற்றக் கடிதத்தோடு வருகிறவர்தானே நமக்குக் கிடைப்பவர்?” என்று நீங்கள் கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. அரச சேவையில் இருக்கும் எங்கள் நிலையும் அதுவே. குழுத் தலைவருக்கு ஆளைத் தெரியும் அதிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் வந்தவருக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்று தெரியும் அதிகாரம் எப்போதும் இருக்கிறது. திருவள்ளுவர் ஆளை ஆராய்ந்து ஏற்பதற்குத் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஏற்றவரை உரிய வேலையில் அமர்த்துவதற்குத் தெரிந்து வினையாடல் என்று அடுத்த அதிகாரத்தைத் தனியாக வைத்தார். முதலாவது நம் கையில் இல்லாவிட்டாலும் இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

ஒருவர் புதிதாக வந்தால் அவருடன் தனியே இருந்து மூன்று விடயங்களைக் கேட்டறிவது நல்லது. அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பது ஒன்று. எந்த ஊரில் அவரை மதிப்பார்கள் என்பது இரண்டாவது. இந்த வருடம் அவரால் எதைச் செய்ய முடியாது என்பது மூன்றாவது.

இரண்டாவது கேள்வி எமது மாவட்டத்துக்கு மிகவும் வேண்டியது. திருகோணமலையில் மூன்று சமூகங்கள் வாழ்கின்றன. மூதூர், கிண்ணியா, குச்சவெளி, கந்தளாய் என்று ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு மாதிரி. 2009 ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அக்கரைக்குப் போவதே ஒரு பயணம். இப்படியான இடத்தில் எவ்வளவு படித்தவர் என்பதோடு, எந்த வீட்டுக் கதவு அவருக்குத் திறக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த ஒருவர், பள்ளிவாசல் நிர்வாகத்தினரோடு பழகிய ஒருவர், கோயில் திருவிழாக் குழுவில் இருக்கும் ஒருவர் குழுவில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எல்லோரும் ஒரே மாதிரியான குழுவில் சிரிப்பும் பேச்சும் நிறைய இருக்கும்; ஆனால் பாதிக் கதவுகள் திறக்காது.

மூன்றாவது கேள்வியை நம் பெண்கள் ஒருவரை ஒருவர் கேட்பதே இல்லை. ஒருவருக்கு வீட்டில் படுக்கையில் தாய் இருக்கிறார். ஒருவர் இரண்டு பஸ் மாறி வருகிறார். இன்னொருவருடைய பிள்ளைக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது இரக்கத்துக்காக மாத்திரம் இல்லை. மாலை ஐந்து மணிக்கு முடிக்க வேண்டிய வேலையை நாலு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டியவரிடம் கொடுத்தால் அவரும் நிம்மதியாக இருக்க மாட்டார், வேலையும் முடியாது.

ஆளைத் தெரியும் வாய்ப்பு உண்மையிலேயே நமக்குக் கிடைத்தால் இரண்டு எச்சரிக்கைகள் சொல்வோம். ஒன்று, தொகை. ஐந்து பேர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளக்கூடிய சோடிகள் 10. ஆட்களை இரட்டிப்பாக்கிப் பத்துப் பேர் ஆக்கினால் சோடிகள் 45. ஆள் இரண்டு மடங்கு கூட, தவறான விளக்கத்துக்கு இடம் நாலரை மடங்கு கூடுகிறது. ஒருவரையும் மனம் நோகச் செய்யாமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் நம் வழக்கம் கலியாண வீட்டுக்கு நல்லது, வேலைக்குழுவுக்கு ஆகாது. மற்றது, இந்த இடத்தில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது: நம்முடைய பள்ளிப் பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சேர்க்காதீர்கள். நம் பிள்ளை தகுதியானவர் என்றால் அவர் தகுதியாலேயே வருவார். தகுதி இல்லாமல் வந்தால் அவரையும் பிழையான இடத்தில் நிற்க வைத்து, வேறொரு பள்ளியில் படித்த தகுதியான பிள்ளையையும் வெளியே நிறுத்துகிறோம். அதோடு, நமக்கு “இல்லை, இது சரிவராது” என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரையாவது தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிச் சொல்லக்கூடியவரைச் சேர்த்தால் மாத்திரம் போதாது. அவர் சொல்வதற்கு இடமும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008 ஆம் ஆண்டு சத்திரசிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. புது டில்லி, மணிலா, லண்டன், தான்சானியாவின் இஃபாகாரா உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் அது பரீட்சிக்கப்பட்டது. 2009 ஜனவரியில் வெளியான முடிவின்படி சத்திரசிகிச்சைக்குப் பிந்திய இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்தது. அந்தப் பட்டியலில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. நோயாளியின் பெயர் சரியா, எந்தப் பக்கம் வெட்ட வேண்டும், எண்ணிய பஞ்சு எல்லாம் திரும்ப வந்துவிட்டதா என்ற மாதிரியான கேள்விகள்தான். ஆனால் அதில் ஒரு வரி உண்டு: கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அது வெறும் மரியாதைக்கான சடங்கு இல்லை. ஒரு முறை வாய் திறந்தவருக்கு இரண்டாம் முறை திறப்பது இலகு. மேசைக்கு மறுபுறம் நிற்கும் இளம் தாதி உத்தியோகத்தர்தான் சில வேளை பிழையை முதலில் காண்பவர். அவர் வாய் திறக்காவிட்டால் அது யாருக்கும் தெரிய வராது. நம் வீடுகளிலே பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்டோம். அது நல்ல வளர்ப்புத்தான். ஆனால் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் கணக்காய்விலும் அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும், காசைத் தொலைக்கும். ஆகவே பேசுவதற்கான ஒழுங்கைத் தலைவிதான் ஏற்படுத்த வேண்டும். கூட்டத்தில் ஆகவும் இளையவரை முதலில் பேச விடுங்கள். தலைவி முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மிச்சம் எல்லாம் தலையாட்டுதான். “ஏன் செய்யேல்லை?” என்று கேட்டால் சாட்டுத்தான் வரும். “எது தடையாக இருந்தது?” என்று கேட்டால் விடயம் வரும்.

எமது நாட்டில் ஒரு தாய் பிரசவத்தோடு தொடர்புபட்டு இறந்தால் அந்த ஒவ்வொரு இறப்பும் ஆராயப்படுகிறது. வைத்தியசாலையிலும் ஊரிலும் என்ன நடந்தது என்று எல்லோரும் இருந்து பேசுகிறார்கள். அந்த ஆய்வின் நோக்கம் குற்றவாளியைப் பிடிப்பது இல்லை. அடுத்த தாயைக் காப்பது. தன் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் வரும் குடும்பநல உத்தியோகத்தரை நினைத்துப் பாருங்கள். மாதக் கணக்காக அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் வந்தவர் அவர். அவருடைய துக்கமும் பெரியது, பயமும் பெரியது. அவரை அதட்டினால் பதிவேட்டில் எழுதியதை மட்டும் வாசித்துவிட்டுப் போய்விடுவார். மரியாதையோடு கேட்டால், அந்தத் தாய் ஏன் கிளினிக்குக்கு வரவில்லை, வீட்டில் யார் தடுத்தார்கள், வாகனம் எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று எழுதாததையும் சொல்வார். அடுத்த தாயின் உயிர் அந்த எழுதாத வரியில்தான் இருக்கிறது.

வழிநடத்துவதில் இன்னொரு விடயம் பாரம். ஒவ்வொரு அலுவலகத்திலும் எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் செய்யும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவர் ஒரு பெண்ணாக இருப்பார்; பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒரு பள்ளியில் நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவராக இருப்பார். அவரிடமே எல்லாம் போய்ச் சேரும். அவர் ஒரு நாள் சுகவீன லீவு போடும்போதுதான் அலுவலகமே அவர் தலையில் நின்றது தெரிய வரும். வேலையைப் பங்கிட்ட தாளை மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஒருவருடைய பெயருக்கு எதிரே வரிகள் கூடிக்கொண்டே போனால், அவர் கேட்காமலே குறைத்துவிடுங்கள்.

வேலை செய்யாதவரையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தெரியாமல் செய்யாதவருக்குப் பயிற்சி வேண்டும். முடியாமல் செய்யாதவருக்கு வேறு வேலை வேண்டும். விருப்பமில்லாமல் செய்யாதவரிடம் தனியே கூப்பிட்டு, தெளிவாகப் பேசி, எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த மூன்று பேரையும் ஒரே மாதிரி ஏசுவதால் யாரும் திருந்துவதில்லை. கண்டிப்பது தனியேயும் பாராட்டுவது எல்லோர் முன்னாலேயும் இருக்கட்டும்.

இனி, குழுக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் பேசாத ஒரு விடயத்துக்கு வருகிறோம். வெற்றி பெற்ற குழுவுக்கு என்ன நடக்கிறது?

1934, 35 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.ரி. மருந்து வந்தது, தெளிப்புக் குழுக்கள் வீடு வீடாகப் போயின. 1963 ஆம் ஆண்டு நாடு முழுவதிலும் கண்டுபிடிக்கப்பட்ட மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். தெளிப்பது நிறுத்தப்பட்டது. காய்ச்சல்காரரைத் தேடிச் சோதிக்கும் பணி தளர்ந்தது. பின்னர் மழை பொய்த்து ஆறுகள் வற்றி, தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியபோது அதை நேரத்தோடு காண ஆட்கள் போதவில்லை. 1969 ஆம் ஆண்டில் மாத்திரம் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா. 17 இலிருந்து 5 இலட்சத்துக்குப் போக ஆறு ஆண்டுகள்தான் எடுத்தன. நுளம்பு மருந்துக்குப் பழகிக்கொண்டது உட்பட வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் வென்ற குழுவைத் தளர விட்டதை நாடு மிகப் பெரிய விலை கொடுத்துத்தான் படித்தது.

அதன் பிறகு மீண்டும் கட்டியெழுப்ப நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. 1999 ஆம் ஆண்டிலும் 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் இருந்தனர். மகாவலி கடலோடு சேரும் எமது மாவட்டத்தில், நம் வயதுடையவர்கள் யாரைக் கேட்டாலும் குளிர்காய்ச்சலின் நடுக்கத்தைச் சொல்வார்கள். யுத்த காலத்திலும் மலேரியா தடை இயக்கத்தின் ஊழியர்கள் இந்த மாவட்டங்களில் வேலை செய்தார்கள். பிற்காலத்தில் உலக நிதியத்தின் உதவியோடு அரச சார்பற்ற நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய நோயாளர் யாரும் இல்லை என்ற நிலை ஏற்பட்டது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இப்போது அந்தக் குழுவின் நிலையைப் பாருங்கள். நுணுக்குக்காட்டியின் முன் இருப்பவர் நாள் முழுவதும் பார்க்கிறார், ஒன்றும் காணவில்லை. மாதக் கணக்காக ஒன்றும் காணவில்லை. அவருடைய வெற்றியின் அடையாளமே வெறுமைதான். “உங்களுக்கு என்ன வேலை, சும்மாதானே இருக்கிறீர்கள்” என்று மற்றவர்கள் பகிடி பண்ணுகிறார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைப்பதும் அங்கேதான். ஆனால் நோய் இன்னும் கரைக்கு அப்பால் காத்திருக்கிறது. மலேரியா உள்ள நாடுகளுக்குப் போய்த் திரும்புவோர் ஆண்டுதோறும் நோயோடு வருகிறார்கள். துறைமுகப் பட்டினமான எமக்கு இது புதிதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளே கப்பலில் வேலை செய்து திரும்புகிறார்கள். 2016 இன் இறுதியில் மன்னாரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டெஃபென்சி என்ற நுளம்பு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் வளரும் நுளம்பு அது. 2018 இன் இறுதியில் மொனராகலை மாவட்டத்தில், வெளியிலிருந்து நோயோடு வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு மலேரியா தொற்றியது. அது அத்தோடு நின்றது. தேடிப் பார்க்கும் ஆட்கள் இன்னும் கலையாமல் இருந்ததால் நின்றது.

அப்படியானவர்களை எப்படித் தக்க வைப்பது? கண்ட நோயாளரின் தொகையை வைத்து அவருடைய வேலையை அளக்காமல், செய்த சோதனைகளின் தொகையையும் தரத்தையும் வைத்து அளக்க வேண்டும். கண்ணும் கையும் பழக்கம் விட்டுப் போகாதபடி, ஒட்டுண்ணி உள்ள பூச்சுகளை இடைக்கிடை கொடுத்துப் பயிற்சியளித்துச் சோதிக்க வேண்டும். இன்று ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது உங்களால்தான் என்று அவருக்கு ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். களவு போகாத வங்கியிலும் விபத்து நடக்காத தொழிற்சாலையிலும் இப்படி ஒருவர் இருப்பார். உங்கள் அலுவலகத்தில் அவர் யார் என்று நாளைக்குப் போய்த் தேடிப் பாருங்கள்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எங்கள் துறையிலிருந்து பலர் வெளிநாடு போய்விட்டார்கள். உங்கள் துறைகளிலும் அப்படித்தான் இருக்கும். போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் ஒருவர் போகும்போது அவருடைய கதிரை மாத்திரம் வெற்றிடமாவதில்லை. இருபது வருடப் பழக்கமும் அவரோடு விமானம் ஏறிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவதாக ஒருவரைப் பழக்கி வைப்பதும், செய்முறையை எழுதி வைப்பதும் இன்று தலைவியின் முதற் கடமைகளில் ஒன்று. தனக்கு மட்டுமே தெரிந்த வேலை தனக்குப் பெருமை என்று நினைப்பவர் குழுவுக்கு ஆபத்து.

தங்கைமாரே, நாம் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வேலையைப் பிரித்து எழுதிய பிறகு ஆளைப் பாருங்கள். ஆளைத் தெரிய முடியாவிட்டால் அவருக்குரிய இடத்தைத் தெரியுங்கள். வேலைக்கு ஆக அருகில் நிற்பவர் ஆக உரத்துப் பேசக்கூடியதாக வையுங்கள். வென்ற குழுவைக் கலையவோ சலிக்கவோ விடாதீர்கள்.

இந்தச் சங்கமும் அப்படியான ஒரு குழுதான். நூறு ஆண்டு நிலைத்தது, ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறைக்கு வேலையைப் பழக்கிவிட்டுப் போனதால். ஆகவே செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, இங்கே பாலையூற்றிலேயே, புதிதாக வேலைக்குச் சேர்ந்த நம் பிள்ளைகளும் ஓய்வு பெற்ற அக்காமாரும் ஒன்றாக இருந்து பேச ஓர் ஒழுங்கு செய்யுங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், தேநீர் மாத்திரம் போதும். அந்தப் பேச்சை ஆகவும் இளையவரே தொடங்கி வைக்கட்டும்.